முப்பிடாதி வளவில் சொல் பறித்த பிள்ளை

எனக்குக் கெடுதல் செய்தவர்களை வரிசையாக நிறுத்தினால் முதல் ஆளாக நிற்க வேண்டியவன் கோமதிநாயகம். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருப்பவன், எந்த வண்டி எப்போது வர வேண்டும் எப்போது போக வேண்டும் என்று விசில் ஊதிச் சொல்பவன், செத்துப்போன என் தம்பியின் மகள் உலகம்மாளைக் கட்டியவன், அதனால் என்னை மாமா என்று கூப்பிட வேண்டியவன். அவன் செய்ததைச் சொல்கிறேன். நான் சொல்வதில் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. என் காய்கறித் தள்ளுவண்டித் தராசு எப்படியோ அப்படித்தான் நானும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் தாய்ப்பாலுக்கு முன்னால் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவுவது. சேனை வைக்கிறவருடைய குணமும் வாக்கும் பிள்ளைக்கு வரும் என்பதால் கண்டவரையும் வைக்க விடமாட்டார்கள். உலகம்மாள் மாசமாக இருக்கும்போதே என் வீட்டு வாசலில் வந்து நின்று, "பெரியப்பா, சேனை நீங்கதான் வைக்கணும். உங்க வாய் எம் பிள்ளைக்கு வரணும். என்னைய மாதிரி வாயில்லாப் பூச்சியா அது இருக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதனால் ஆஸ்பத்திரிக்கு நான் வெள்ளை வேட்டி கட்டி, முகம் மழித்து, சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு போனேன். பிள்ளையைச் சுற்றி எங்கள் வளவு வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நான் விரலை நனைத்துக் கொண்டுபோனபோது கோமதிநாயகம் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"இவர் வச்சா நாளைக்கு எம் மக தெருத்தெருவா தக்காளி தக்காளின்னு கத்திட்டுத் திரிவா" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். நர்ஸ் சிரித்தாள், மாவு விற்கிற வடிவு சிரித்தாள், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவனே விரலை நனைத்து அவனே சேனை வைத்தான். ஆனால் அவன் இழுத்த இழுப்பில் என் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தெறித்தது. அது எங்கே போய் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அன்றைக்குச் சொல்லிவிட்டேன், சிரித்த அத்தனை பேருக்கும் முன்னால் வைத்து, "மன்னிச்சிருங்க மாமா" என்று அவன் வாயால் கேட்கும்வரை அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன், உலகம்மாளைத் தவிர அந்த வீட்டு ஆள் ஒருவரிடமும் பேசமாட்டேன் என்று.

எங்கள் முப்பிடாதி வளவு ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக வீடுகள் உள்ள இடம். நடுவில் ஒரு குழாய், ஒரு முருங்கை மரம். வாசலை ஒட்டி என் வீடு, கடைசியில் கோமதிநாயகம் வீடு, இடையில் வடிவும் ஸ்டெல்லாவும் இன்னும் சிலரும். ஒருவர் வீட்டில் கடுகு பொரிந்தால் மற்றவர் வீட்டில் தும்மல் வரும். ஆகவே யார் பிள்ளையை எப்படி வளர்க்கிறார்கள் என்பது எவருக்கும் மறைவில்லை. வடிவுக்கு மூன்று பிள்ளைகள். அவள் கிரைண்டரில் மாவை வழித்துக்கொண்டே பிள்ளைகளிடம் பேசுவாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் கிரைண்டரிடம் பேசுவாள், கிரைண்டரை நிறுத்திவிட்டால் முருங்கை மரத்திடம் பேசுவாள். ஸ்டெல்லா தன் மகன் எதைக் கேட்டாலும் கொடுப்பாள், ஒன்றும் கேட்காவிட்டால் செல்போனைக் கொடுப்பாள், அவனும் அவன் பாட்டுக்கு வளர்ந்தான். கோமதிநாயகம் மட்டும் பிள்ளை வளர்ப்பதைப் பஸ் விடுவதைப் போலச் செய்தான். எழுந்திரு, உட்காரு, சாப்பிடு, தொடாதே, அழாதே, பேசாதே, படு. காலையிலிருந்து ராத்திரிவரை இந்த ஏழெட்டுச் சொல் அந்த வீட்டிலிருந்து விசில் மாதிரி வந்துகொண்டிருக்கும், வேறு சொல் வராது. பிள்ளையைப் பேசவிட்டால் நாளைக்கு எதிர்த்துப் பேசும் என்பது அவன் கொள்கை. உலகம்மாள் பிள்ளையை மடியில் வைத்து ஏதாவது கொஞ்ச ஆரம்பித்தால், "என்ன சத்தம்" என்று உள்ளே இருந்து கேட்பான், அவள் நிறுத்திவிடுவாள்.

பிள்ளைக்கு எண் கணிதம் பார்த்து தன்ஷிகா என்று பெயர் வைத்தான். வளவில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை, அதனால் பாப்பா ஆனாள். பாப்பா நடந்தாள், ஓடினாள், முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தாள், ஆனால் பேசவில்லை. இரண்டு வயது தாண்டியும் பேசவில்லை. டாக்டரம்மா காதில் மணி ஆட்டிப் பார்த்துவிட்டு, "காது நல்லாக் கேக்குது, நீங்க பேச்சுக் கொடுங்க, அது பதில் சொல்ல நேரமும் கொடுங்க" என்றார்களாம். "நாள் முழுக்க நான்தான் சொல்லிட்டே இருக்கேனே" என்றானாம் கோமதிநாயகம். உலகம்மாள் முப்பிடாதி அம்மனுக்கு வெண்கல மணி நேர்ந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குழாயடியில் அவள் முகத்தைப் பார்ப்பேன். அது சின்னதாகிக்கொண்டே வந்தது.

பாப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் பேசினாலும் அவர் வாயைப் பார்ப்பாள். கண்ணை அல்ல, கையை அல்ல, வாயை. மரத்தில் பழுத்த பழத்தைப் பார்க்கிற மாதிரி, விழப்போகிறதா இல்லை நாமே பறிக்க வேண்டுமா என்று யோசிக்கிற மாதிரி பார்ப்பாள்.

ஒரு நாள் காலையில் வழக்கம்போல வண்டியில் காய்களை அடுக்கி, தக்காளியைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து முன்னால் வைத்து, வளவு வாசலில் நின்று, "தக்காளீ, நாட்டுத் தக்காளீ" என்று அன்றைய முதல் சத்தத்தைக் கொடுத்தேன். கடைசி வீட்டு வாசல்படியில் இருந்த பாப்பா என் வாயைப் பார்த்தாள். பிறகு அவ்வளவு தெளிவாக, பித்தளைக் குடத்தைத் தட்டினது மாதிரி, "தக்காளி" என்றாள்.

உலகம்மாள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். வடிவு கிரைண்டரை நிறுத்தினாள். நான் மறுபடியும் சத்தம் கொடுக்க வாயைத் திறந்தேன், அந்தச் சொல் அங்கே இல்லை. பல் விழுந்த இடத்தில் நாக்கு போய்த் துழாவுமே, அப்படித் துழாவியது. பழம் கண் முன்னால் இருக்கிறது, சிவப்பாக இருக்கிறது, அது என்ன பழம் என்று தெரிகிறது, ஆனால் சொல் பிள்ளையிடம் போய்விட்டது. இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்கிறேன் என்றால் அது பிறகு திரும்பி வந்ததால்தான்.

அன்று முழுக்க, "செவப்பா உருண்டையா இருக்கும், ரசத்துக்குப் போடுவாவ, வாங்க வாங்க" என்று கூவித் தெருத்தெருவாக விற்றேன். வீட்டுக்குள்ளிருந்த பெண்கள் எல்லாம் விடுகதை போடுகிறேன் என்று நினைத்து வெளியே வந்தார்கள். வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது, அதைச் சொல்லாமல் மறைக்க மாட்டேன்.

அடுத்த சில நாட்களில் வளவில் சொற்கள் போக ஆரம்பித்தன. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்கிற மாதிரி, "உனக்கு என்ன போச்சு?" என்று காலையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஸ்டெல்லாவுக்குச் சோப்பு போனது, கடைக்காரனிடம் கையைத் தேய்த்துக் காட்டி வாங்கினாள். பால்காரனுக்குப் பாலே போய்விட்டது, ஆனால் அவன் மணி அடிப்பதால் அவனுக்குக் கவலை இல்லை. போஸ்ட்மேனுக்கு உலகம்மாள் என்ற பெயர் போனது, "கடைசி வீட்டம்மா" என்று கூப்பிட்டான். பழகப் பழகப் பிள்ளை கைகாரி ஆனாள். சொல் முழுதாக வெளியே வருமுன்பே, உதட்டில் பாதி நிற்கும்போதே பறித்துவிடுவாள். கியாஸ் போட வந்தவன் "சிலி" என்று சொல்லி வாயைப் பிளந்துகொண்டு நின்றதை நானே பார்த்தேன். மீதியைப் பாப்பா சொல்லிவிட்டாள்.

போன சொல் எப்படித் திரும்பும் என்பதைக் கண்டுபிடித்தது வடிவு. கண்டுபிடித்தாள் என்றால் அவள் பேசாமல் இருக்க முடியாத காரணத்தால் அது தானாக நடந்தது. அவளுக்கு எண்ணெய் காலையில் போய் மத்தியானம் வந்துவிட்டது. குழாயடியில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னாள்.

"பாப்பா எங்கிட்ட வந்து எண்ணெய்ன்னுச்சு. ஆமாட்டி, எதுக்கு எண்ணெய், தலைக்கா தோசைக்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையவே பாத்துச்சு. நானும் கரண்டியைக் கையில வச்சிட்டுக் காத்துக்கிடந்தேன். தோசைன்னுச்சு. அந்தால எனக்கு எண்ணெய் வந்திட்டு, தோசை போயிட்டு."

"பொறவு?"

"பொறவு தோசை வட்டமா இருக்குமா நீட்டமா இருக்குமான்னு கேட்டேன். அதுவும் வந்திட்டு. அது நீட்டுனா நாம ஒண்ணு கேக்கணும், அது ஒண்ணு சொல்லணும். அவ்வளவுதான்."

அதாவது ஊஞ்சல் மாதிரி, நாம் ஒரு தள்ளு தள்ளினால்தான் போனது திரும்பி வரும். பிள்ளை ஒரு சொல்லைக் கொண்டுவந்து நீட்டும்போது அதை வாங்கி வேறொன்றைக் கோத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிறகு பிள்ளை வாய் திறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும், அப்போது இரண்டு பேரிடமும் அந்தச் சொல் இருக்கும். வடிவுக்கு ஒரு நாளைக்கு இருபது சொல் போய் இருபதும் வந்துகொண்டிருந்தது. உலகம்மாளுக்குப் போனது ஒரே ஒரு சொல், அவள் வாயில் அதிகம் இருந்ததே அது ஒன்றுதான்: கண்ணு. கணவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகு ரகசியமாகக் கூப்பிடுகிற சொல். அதைப் பிள்ளை எடுத்துக்கொண்டு நாள் முழுக்கத் தாயைப் பார்த்துக் கண்ணு கண்ணு என்றது. உலகம்மாள் அழுதாள், ஆனால் கணவன் காதுக்குப் போய்விடும் என்று அவன் இல்லாதபோதும் பதில் சொல்லப் பயந்தாள், அதனால் அது திரும்பவில்லை.

எனக்கோ சபதம் இருந்தது. அந்த வீட்டு ஆளிடம் பேசமாட்டேன் என்று சொன்னால் சொன்னதுதான். பாப்பா தினமும் வண்டிக்கு எதிரே வந்து நின்று என்னிடம் அந்தத் தக்காளிச் சொல்லை நீட்டுவாள். நான் தராசைத் துடைப்பேன். அவள் என் முகத்துக்கு நேராக வந்து மறுபடியும் நீட்டுவாள். நான் முருங்கை மரத்தைப் பார்ப்பேன். வடிவு தன் வாசலிலிருந்து, "அண்ணாச்சி, புள்ள கேக்குதுல்லா" என்பாள். "உனக்கென்ன, ஆஸ்பத்திரியில சிரிச்சவதான நீ" என்பேன். இப்படியே எனக்குக் கத்தரிக்காய் போனது, வெண்டைக்காய் போனது, சுரைக்காய் போனது, கடைசியில் மாங்காய் மட்டும் மிச்சம். பருவம் முடிந்து வண்டியில் மாங்காய் இல்லாத காலம் அது. இல்லாத ஒன்றைக் கூவிக்கொண்டு தெருவில் போனேன்.

கோமதிநாயகத்துக்குப் போனதுதான் பெரிய வேடிக்கை. அவன் பிள்ளையிடம் சொன்ன சொற்கள் எவையோ அவையெல்லாம் போயின. உட்காரு போனது, தொடாதே போனது, பேசாதே போனது. பதில் பேசினால் அடக்குவானே தவிர வேறொன்றைக் கேட்கமாட்டான், ஆகவே ஒன்றும் திரும்பவில்லை. "தப்பு, தப்பு" என்று எதற்கெடுத்தாலும் விரலை ஆட்டுவான், தப்பும் போனது. ஒரு நாள் சமையல் கட்டிலிருந்து அவளை விரட்ட "போ" என்றான், அதுவும் போனது. போ இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் என்ன செய்ய முடியும்? மேடையில் நின்று விசிலை ஊதிவிட்டு இரண்டு கையாலும் காற்றைத் தள்ளினானாம். டிரைவர்கள் அவனுக்கு வயிற்று வலி என்று நினைத்து இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார்களாம். ராஜபாளையம் வண்டியும் தென்காசி வண்டியும் ஒன்றன் பின் ஒன்றாக நின்று, ஜனங்கள் இறங்கி டீ குடித்து, ஒருவருக்கொருவர் பெண் மாப்பிள்ளை பேசி முடிக்கிற அளவுக்கு நேரமாகிவிட்டது.

அவன் அன்று சாயங்காலம் வளவைக் கூட்டினான். பிள்ளைக்கு முன்னால் இனி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவன் சொல்ல வந்தது. சொல்ல வேண்டிய சொற்கள் பாதி அவனிடம் இல்லாததால் வாயின் குறுக்கே விரலை வைத்துக் காட்டினான். ஜனங்களும் ஒத்துக்கொண்டார்கள். சோப்பு வாங்கக் கையைத் தேய்த்துத் தேய்த்து ஸ்டெல்லாவுக்கு அலுத்துப்போயிருந்தது. "புள்ளைக்குப் பேச்சுதான வேணும்? எங்க வீட்டு செல்லைக் குடுப்போம். போறது அதோட வார்த்தையாப் போகட்டும்" என்றாள். நல்ல யோசனை என்றார்கள். செல்போனை முருங்கை மரத்தில் கட்டி, பிள்ளை பார்க்கிற மாதிரி பாட்டும் கதையும் ஓடவிட்டார்கள். அது நாளெல்லாம் யானை, பூனை, நிலா, நட்சத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பாப்பா பார்த்தாள். ஆனால் அதிலிருந்து ஒரு சொல்கூடப் போகவில்லை. பாட்டு முழுசாக அப்படியே இருந்தது. பிள்ளை நீட்டியதை அது வாங்கவும் இல்லை, பிள்ளை சொல்லட்டும் என்று நிற்கவும் இல்லை; அதற்கு அவள் யாரோ.

முப்பிடாதி வளவு அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. குக்கர் விசில் அடித்தது, காக்கா கத்தியது, குழாய் சொட்டியது, மனிதர் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு கையால் பேசினார்கள். வடிவு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மாவு ஆட்டினாள். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது அவளுக்கு. பாப்பா வீடு வீடாகப் போய்ச் சொற்களை நீட்டினாள். எண்ணெய், சோப்பு, பால், கண்ணு. யாரும் வாங்கவில்லை. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் பாதி வீடுகளுக்குத்தான் போனாள். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளிடமிருந்த சொற்கள் ஓரம் பிய்ய ஆரம்பித்தன. சோப்பு சோ ஆனது, பிறகு இல்லாமல் போனது. ஸ்டெல்லா ஆசையாக வாயைத் திறந்து பார்த்தாள், அவளுக்கும் அது வரவில்லை. அப்போதுதான் வளவுக்குப் புரிந்தது, பிள்ளை கைவிட்ட சொல் பறிகொடுத்தவருக்குத் திரும்பாது, இரண்டு பேருக்குமே இல்லாமல் போகும் என்று. புரிந்தும் கோமதிநாயகத்துக்குப் பயந்து சும்மா இருந்தார்கள்.

அடுத்த நாள் காலை உலகம்மாள் என் வண்டிக்கு வந்தாள். கணவன் வீட்டில்தான் இருந்தான், அவளுடைய முதுகுக்குப் பின்னால், வாசலில், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. அவள் பையை நீட்டவில்லை.

"பெரியப்பா, நேத்து ராவு கண்ணுல பாதிதான் சொல்லுச்சு" என்று சொல்ல வந்திருக்கிறாள். கண்ணு என்ற இடத்தில் அவளுக்குச் சொல் இல்லை. கண்ணைத் தொட்டுக் காட்டினாள். நாளைக்கு அது முழுக்கப் போய்விட்டால் அவள் தன் பிள்ளையை எதைச் சொல்லிக் கூப்பிடுவாள்?

பாப்பா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வாயைப் பார்த்தாள். நெடுநேரம் கழித்து, ரொம்ப சிரமப்பட்டு, "தக்கா" என்றாள்.

என் சொல்லில் கடைசித் துண்டு விழுந்துவிட்டது. எத்தனை வருசமாக நான் கூவிய சொல் அது.  சபதம் சபதம்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அவன் வீட்டுக்குள் இருந்தால்தான் அவள் அவன் வீட்டு ஆள், என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டால் வாடிக்கை. வாடிக்கையிடம் பேசாதவன் வியாபாரி இல்லை.

"என்ன வேணும் தாயி?" என்றேன். வளவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"தக்கா" என்றாள்.

"பழமா, காயா?"

அவள் யோசித்தாள். நான் தராசைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பின்னால் கோமதிநாயகம் விசிலை வாயில் வைத்தான். வடிவு வாயிலிருந்த முந்தானையை உருவிவிட்டு, "ஊதிப் பாரும், மாவைத் தலையில கவுத்திருவேன்" என்றாள். அவன் விசிலை இறக்கினான்.

"பழம்" என்றாள் பாப்பா.

"எதுக்குப் பழம்? ரசத்துக்கா, சட்டினிக்கா?"

"சட்டினி."

"சட்டினி யாருக்கு?"

"அம்மாக்கு. தக்காளி சட்டினி."

தொண்டைக்குள் ஏதோ உருண்டு வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. "தக்காளீ" என்று ஒரு சத்தம் கொடுத்தேன் பாருங்கள், பஸ் ஸ்டாண்டுவரை கேட்டிருக்கும். பாப்பாவும் என்னோடு சேர்ந்து கூவினாள். நான் அவள் கையில் இரண்டு பழத்தை வைத்தேன். அவள் போகாமல் நின்றாள். கையை இன்னும் நீட்டிக்கொண்டு, பெண்களெல்லாம் என்னிடம் தினமும் சொல்வதைக் கேட்டு வைத்திருந்து, "கொசுறு" என்றாள்.

"இந்த வயசுலயே கொசுறு கேக்கியா? எதுக்கு?"

"சட்டினிக்கு."

கருவேப்பிலைக் கொத்தை எடுத்து அவள் காதில் செருகிவிட்டேன்.

அவ்வளவுதான், வளவு அவிழ்ந்துகொண்டது. வடிவு பேசியதை எழுதினால் இந்தக் கதை முடியாது. ஸ்டெல்லா செல்போனை மரத்திலிருந்து அவிழ்த்துவிட்டு பாப்பாவையும் தன் மகனையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்து, கையைத் தேய்த்துக் காட்டி, நுரை ஊதிக் காட்டி, தொலைந்துபோன சோப்பை வடிவின் வாயிலிருந்து பிள்ளைக்குக் கொடுத்து, பிள்ளையின் வாயிலிருந்து தானும் வாங்கிக்கொண்டாள். பால்காரன் மணியை வண்டியில் போட்டுவிட்டு, எந்த மாட்டுப் பால், மாட்டுக்குப் பேர் என்ன என்று பேசிக்கொண்டே நின்றதில் பக்கத்துத் தெருவுக்குப் பால் திரிந்துவிட்டது. உலகம்மாள் புருசன் முன்னாலேயே பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, பாதிக் கண்ணை வாங்கி, "உனக்கு எத்தனை இருக்காம், எங்க காட்டு பாப்போம்" என்று அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டுக் கேட்டாள். பிள்ளை தன்னுடைய கண்ணைத் தொட்டது, தாயினுடைய கண்ணைத் தொட்டது, "அம்மா கண்ணு" என்றது. உலகம்மாள் அதற்கப்புறம் வாயை மூடவில்லை. இத்தனை வருசம் எங்கே வைத்திருந்தாளோ, வடிவுக்கே சில நேரம் இடம் கிடைப்பதில்லை.

கோமதிநாயகம்தான் பாக்கி. அவனிடம் அதட்டுகிற சொல் ஒன்றுகூட இல்லை. பிள்ளை அடுப்புப் பக்கம் போனால் தொடாதே என்று சொல்ல முடியாது. அதனால் முதல்முறையாக அவன், "அது சூடா இருக்கு, கை வெந்திரும், பொறவு மருந்து போடணும், எரியும்" என்று நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பாப்பா, "எரியும்?" என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் அவன், "ஆமா, மொளகாய் மாதிரி" என்றான். அவள் அடுப்பைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றானாம், உலகம்மாள் சொன்னாள். உட்காரு என்று சொல்ல முடியாததால் தான் முதலில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டான். என்ன பேசுவது என்று தெரியாமல், பிள்ளையிடம் ஒருபோதும் சொல்லாததால் அவனிடம் பத்திரமாக மிச்சமிருந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னான். கழுகுமலை, திருவேங்கடம், புளியங்குடி, கடையநல்லூர். "அங்க யாரு இருக்கா?" என்று அவள் கேட்டாள். அங்கே யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று அவன் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை வைத்திருந்தான் அந்த ஆள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டுச் சன்னல் அந்தப் பக்கம் திறப்பதால் காதில் விழுந்தது, வேறொன்றுமில்லை. கொஞ்ச நாளில் போ அவனுக்குத் திரும்பி, வண்டிகள் நேரத்துக்குப் போயின.

தப்பு என்ற சொல் மட்டும் திரும்பவில்லை. அவன் அதைப் பற்றி அவளிடம் பேச்செடுத்தால், "நான் ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அம்மன் கோயில் ஆடிக்கொடைத் திருவிழாவுக்கு, நேர்ந்திருந்த வெண்கல மணியைக் கட்டிய அன்று காலை, கோமதிநாயகம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வண்டிக்கு வந்தான். பின்னால் உலகம்மாள். வடிவு, ஸ்டெல்லா எல்லோரும் வாசலில். ஆஸ்பத்திரியில் சிரித்த நர்ஸைக்கூட எப்படியோ சொல்லி வரவழைத்திருந்தாள் உலகம்மாள். அவள்தான் இதையெல்லாம் ஏற்பாடு செய்தவள் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் தராசைக் கீழே வைத்தேன். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டேன். இந்த நாளுக்காகத்தான் நான் உடம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"மாமா" என்றான். பாப்பாவை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டான். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில வச்சு நான் உங்க கையைப் பிடிச்சு இழுத்தேன். எல்லாரும் இருக்கும்போது அப்படிச் சொன்னேன். அது என்னோட" என்று நிறுத்தினான், அடுத்து வர வேண்டிய தப்பு அவனிடம் இல்லையே. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "என்னைய நீங்க மன்னி" என்றான்.

பாப்பா அவன் இடுப்பில் இருந்துகொண்டு, அவன் வாயை, பழுத்த பழத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்க" என்றாள், பித்தளைக் குடத்தைத் தட்டின மாதிரி.

அவன் வாய் திறந்தபடி நின்றது. உதட்டைக் குவித்தான், விரித்தான், ஒன்றும் வரவில்லை. நர்ஸ்தான் முதலில் சிரித்தாள், இந்த முறையும் அவள்தான். அப்புறம் வடிவு, அப்புறம் வளவே. கோமதிநாயகமும் சிரித்தான், பிள்ளையை இறக்கிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாப்பா வடிவின் கோழியிடம் போய் மன்னிச்சிருங்க என்றாள், முருங்கை மரத்திடம் சொன்னாள், என் சுரைக்காயைத் தட்டி அதனிடமும் சொன்னாள்.

"அண்ணாச்சி, புள்ள வாயால வந்திட்டுல்லா, ஏத்துக்கிடுங்களேன்" என்றாள் வடிவு.

"சொல்ல வேண்டியது அவ இல்ல" என்றேன்.

"சாரி மாமா" என்றான் அவன்.

"பஸ்ஸில காலை மிதிச்சா சொல்லுத சொல்லு அது. எனக்கு வேண்டாம்."

"பிடிவாதத்தைப் பாரேன்" என்றாள் உலகம்மாள், வாயில்லாப் பூச்சியாக இருந்தவள். "பெரியப்பா, எம் மக நீங்க சேனை வச்ச மாதிரியேதான் இருக்கா. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

கீழே வைத்த தராசை எடுத்துத் துடைத்தேன். அந்த ஒரு சொட்டு எங்கே விழுந்தது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் அந்த வீட்டிலிருந்து சத்தம் வருகிறது. அவன் பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கன்னு யாருகிட்ட சொல்லணும்? எதுக்குச் சொல்லணும்?" என்று கெஞ்சிக் கேட்கிறான். அவள், "நான் ஒண்ணும் பண்ணல, நீங்கதான் பண்ணுனிய" என்று சொல்லிவிட்டு, கழுகுமலைக் கதையைச் சொல்லச் சொல்கிறாள். அவனும் சொல்கிறான். முடியும்போது சொல்லை மறந்துவிட்டுத் தூங்கிப்போகிறார்கள் இரண்டு பேரும்.

நான் காலையில் வளவு வாசலில் வண்டியை முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்துகிறேன், ஒருவேளை அன்றைக்கு அவனுக்கு வந்துவிட்டால் ஆள் இல்லாமல் போகக் கூடாதே என்று. அவன் பிள்ளையோடு வந்து என் முன்னால் நின்று வாயைத் திறந்து பார்க்கிறான், தலையை ஆட்டுகிறான், தக்காளி வாங்குகிறான். தராசு முள் நேராக நிற்கும்வரை நிறுத்து, அவனுக்கு உள்ளதை மட்டும் கொடுக்கிறேன். கொசுறு பிள்ளைக்குத்தான்.